கந்தோர் எருமைகள்

அன்புவழிபுரத்தில் எனக்கு ஒரு மரியாதை இருக்கிறது. கோயிலடியில் கண்டால் "சிவபாலன் ஐயா" என்பார்கள். அதே நான் சீனன்குடா, கிண்ணியா, மூதூர் என்று கடலைச் சுற்றிக்கொண்டு போய்க் கிளிவெட்டியில் பஸ்ஸை விட்டு இறங்கினால், "எருமைக்காரர் வந்திருக்கிறார்" என்று தேத்தண்ணீர்க் கடைக்குள்ளிருந்து சத்தம் வரும். என் ஆயுளில் எனக்குச் சொந்தமாக ஒரு கோழிக்குஞ்சுகூட இருந்ததில்லை. ஆனாலும் அந்த ஊரில் நான் எருமைக்காரன்தான். சாகும்வரை அது மாறப் போவதில்லை.

காட்டெருமைகளைப் பொதுப் புல்தரைகளில் திரும்பவும் கொண்டுபோய் விடுகிற வேலை மறுபடி தொடங்கப் போகிறதாம். இந்த முறை ஒவ்வொன்றின் கழுத்திலும் ஒரு பட்டியை மாட்டி, அது எங்கே நிற்கிறது என்று நான் முன்பு வேலை பார்த்த கந்தோரில், காட்டு விலங்கு அலுவலகத்தில், இருந்தபடியே கணினியில் பார்ப்பார்களாம். "முதல் தடவை நீங்கள் எப்படிச் செய்தனீங்கள் எண்டு எழுதித் தாங்கோ, ஐயா" என்று இப்போது அங்கே வேலை செய்கிற பிள்ளைகள் கேட்டார்கள். ஏதோ பெரிய விஞ்ஞானம் வரப் போகிறது என்று நினைத்திருக்கிறார்கள், பாவங்கள்.

நான் வேலை பழகிய கதை சின்னது. சண்டைக் காலத்தில் சேர்ந்தேன். காட்டு விலங்கு உத்தியோகத்தன் என்று பெயர், ஆனால் காட்டுக்குள் போகத் தடை. மேசையில் இருந்துகொண்டு காட்டைப் பற்றி அறிக்கை எழுதினேன். யானை எத்தனை என்று கேட்பார்கள். "போதுமான அளவு" என்று எழுதி அனுப்புவோம். சண்டை முடிந்து உள்ளே போய்ப் பார்த்தபோது, கிளிவெட்டிக்கு அப்பால் உள்ள புல்தரையில் முன்பு கூட்டம் கூட்டமாக நின்ற காட்டெருமைகளில் ஒன்றுகூட இல்லை. அந்தப் பக்கத்தால் போனவர்கள் வந்தவர்கள் எல்லாருக்கும் பசி இருந்தது என்று மட்டும் சொல்லலாம்.

இல்லாமற் போனதைத் திரும்பக் கொண்டுவருவது என்று மேலிடத்தில் முடிவெடுத்தார்கள். அதற்குப் பொறுப்பாக வந்தவர்தான் தேவராசா ஐயா. அதற்கு முன்பு வேறோர் இடத்தில் களஞ்சியம் பார்த்தவர். வந்த முதற் கிழமையே கந்தோரில் இருந்த கதிரை, மேசை, அலுமாரி, சுவர் மணிக்கூடு எல்லாவற்றிலும் வெள்ளைப் பெயின்றால் இலக்கம் போடுவித்தார். தண்ணீர்ப் பானைக்கு ஓர் இலக்கம். பானை மூடிக்கு வேறோர் இலக்கம், ஏனென்றால் மூடி மட்டும் தனியே காணாமற் போகலாம். கெட்ட மனிதர் என்று நினைத்துவிட வேண்டாம். அவர் குரலை உயர்த்தி நான் கேட்டதில்லை. கட்டளையும் இடமாட்டார். "சிவபாலன், ஒருக்கா யோசிச்சுப் பாருங்கோவன்" என்பார். அவர் அப்படிச் சொன்னால் மத்தியானச் சாப்பாட்டுக்கு முன் அந்த வேலை முடிந்திருக்க வேண்டும் என்று அர்த்தம். எனக்கு அவரைப் பிடிக்கும். அதே நேரம், அவரைக் கடலில் தள்ளிவிட்டால் என்ன என்றும் அடிக்கடி தோன்றும்.

தெற்கே ஒரு சரணாலயத்திலிருந்து எருமைகள் வர இருந்தன. அதற்குச் சில நாள் முன்பு என்னைக் கூப்பிட்டார்.

"சிவபாலன், இதுகளும் அரசாங்கச் சொத்துத்தானே?"

"ஓம் ஐயா, ஒரு வகையில அப்படித்தான்."

"அப்ப இலக்கம் வேணும். வருசக் கணக்கெடுப்புக்கு வாற ஆக்கள், எது எங்கட எருமை, எது ஊர் எருமை எண்டு கேட்டா என்ன சொல்லுறது? பெயின்ற் சரிவராது. சேத்தில ஒருக்கா உருண்டாப் போயிடும். சுடத்தான் வேணும். ஒருக்கா யோசிச்சுப் பாருங்கோவன்."

யோசித்தேன். யோசித்துக்கொண்டே மூதூருக்குப் போய் ஹனீபா காக்காவைப் பிடித்தேன். முஸ்லிம்கள் அண்ணனைக் காக்கா என்பார்கள். அவர் பெரிய மாட்டுப் பட்டிக்காரர், எருமைத் தயிர் வியாபாரம். அந்த வட்டாரத்தில் யாருடைய மாட்டுக்குக் குறி சுடுவதென்றாலும் அவரைத்தான் கூப்பிடுவார்கள். குறி சுடுவது விளையாட்டு வேலையில்லை. இரும்பு சிவந்திருக்கக் கூடாது, சிவந்தால் தோல் கிழிந்து புண்ணாகிவிடும். சிவப்பு ஆறிச் சாம்பல் நிறத்துக்கு வந்த பிறகு பின் தொடையில் ஒற்றி, அசைக்காமல், ஒரு மூச்சு விடுகிற நேரத்தில் எடுத்துவிட வேண்டும். பிறகு தேங்காய் எண்ணெயும் மஞ்சளும். தெற்கிலிருந்து வந்து இறங்கி, மருந்தூசி போட்டு மயங்கிக் கிடந்த காட்டெருமைகளுக்கு ஹனீபா காக்கா இதையெல்லாம் ஒழுங்காகச் செய்தார். வட்டம், வட்டத்துக்குள்ளே இலக்கம். இரும்பைத் தேவராசா ஐயாவே படம் கீறிக் கொடுத்துச் செய்வித்திருந்தார்.

கடைசி எருமைக்குக் குறி வைத்து முடிந்ததும் காக்கா கையைத் துடைத்துக்கொண்டு சொன்னார்:

"ஐயா, ஒரு கத சொல்றன், கோவிக்கப்படாது. குறி விழுந்தா அது காட்டு மாடு இல்ல. குறிக்காரன்ட மாடு. எங்கட பக்கம் அப்பிடித்தான்."

"இது அரசாங்கத்தின்ட, காக்கா."

"அரசாங்கம் வந்து பட்டியடியில நிக்குமா?"

தேவராசா ஐயா சிரித்தார். காக்கா சிரிக்கவில்லை.

அந்தப் பக்கத்து வழக்கத்தை இங்கே சொல்லவேண்டும். குறி என்பது ஒரு குடும்பத்தின் பெயர் மாதிரி. வழி தவறிய மாடு ஒன்று உங்கள் பட்டிக்குள் வந்தால் முதலில் தொடையைப் பார்ப்பீர்கள். யாருடைய குறி என்று தெரிந்துகொண்டு ஆளனுப்புவீர்கள். குறிக்காரர் தானே நேரில் வரவேண்டும். வந்தால் வெற்றிலை, தேத்தண்ணீர், நாலு கதை. அதன்பிறகு மாட்டைக் கொண்டு போகலாம். மாடு வயலுக்குள் இறங்கிப் பயிரைத் தின்றிருந்தால் அடைத்து வைத்து, வைக்கோலும் தண்ணீரும் கொடுத்து, குறிக்காரருக்குச் சொல்லி அனுப்புவீர்கள். அவர் வந்து நட்டத்தை நெல்லாகத் தந்தால்தான் பட்டி வாசலில் குறுக்கே போட்ட கடப்புத் தடியைக் கழற்றுவீர்கள். சண்டை, இடப்பெயர்வு எல்லாவற்றுக்குப் பிறகும் தமிழரும் முஸ்லிம்களும் இந்த ஒரு விஷயத்தில் இம்மியும் பிசகவில்லை.

எங்கள் எருமைகளை விட்ட அன்று மேளம், மாலை, உரை எல்லாம் நடந்தது. எருமைகள் புல்தரையில் இறங்கி ஓடின. எனக்குக் கண் கலங்கியது, பொய் சொல்லவில்லை.

ஒரு கிழமைகூடப் போகவில்லை, கந்தோருக்கு ஆள் வந்தது. "உங்கட எருமை ரெண்டு எங்கட பட்டியில நிக்குது. வந்து கொண்டு போங்கோ." காட்டெருமை, ஊர் எருமை என்று எருமைகளுக்குள் பாகுபாடு இல்லை. பொழுதுபட ஊர் எருமைகள் பட்டிக்குத் திரும்பினால் இவையும் பின்னால் போய்விடும். அங்கே உப்புத் தண்ணீர் வைத்திருப்பார்கள். நான் ஜீப்பை எடுத்துக்கொண்டு போனேன். என்னால் என்ன செய்ய முடியும்? விடிந்தால் அவை தாங்களாகவே புல்தரைக்குப் போய்விடும். ஆனாலும் குறிக்காரர் வரவேண்டும், தேத்தண்ணீர் குடிக்கவேண்டும். மறுநாள் வேறொரு பட்டி. அதற்கடுத்த நாள் இன்னொன்று. துறைமுகத்தைப் பார்த்தபடி கந்தோரில் இருந்து வேலை செய்த நான், கிளிவெட்டியில் வீடு வீடாகத் தேத்தண்ணீர் குடிக்கிற உத்தியோகத்துக்கு மாறினேன். அந்த வருடம் எனக்குச் சீனி வருத்தம் தொடங்கியது.

விதைப்புக்கு முன் நடக்கிற வயல் கூட்டத்துக்கும் அழைப்பு வந்தது. வயல் செய்கிற கமக்காரர்கள் ஒரு பக்கம், மாட்டுக்காரர்கள் மறு பக்கம். தேவராசா ஐயாவை மரியாதையாக முன் கதிரையில் இருத்தினார்கள், மாட்டுக்காரர்கள் பக்கத்தில். அவருக்கு முதலில் மகிழ்ச்சிதான். வட்டவிதானையார் எழும்பினார். வாய்க்கால் தண்ணீரையும் வரம்புச் சண்டைகளையும் பார்க்கிறவர் அவர். விதைப்பு நாளைச் சொல்லி, "அதுக்கு முதல் எல்லாரும் அவரவர் மாடுகளை வயலுக்கு அப்பால சாய்ச்சுக்கொண்டு போயிட வேணும். கந்தோர் ஐயாவும்தான்" என்றார்.

தேவராசா ஐயா எழும்பினார். "இது காட்டு விலங்கு. நாங்கள் சாய்க்க ஏலாது. அதுகள் சுதந்திரமாத் திரியத்தான் கொண்டு வந்தது."

"அப்ப ஏன் ஐயா குறி சுட்டனீங்கள்?"

கேட்டது வட்டவிதானையார்தான். தேவராசா ஐயா என்னைப் பார்த்தார். நான் கூரையைப் பார்த்தேன். தகரத்தில் ஒரு ஓட்டை இருந்தது.

இனி பூமணி அக்காவின் கதை. அதை எழுதத்தான் இவ்வளவும் எழுதினேன்.

பூமணி அக்கா கிளிவெட்டியில் தனியாக வயல் செய்தவர். புருசன் இல்லை. குத்தகைக் காணி. அந்த மாரிகாலப் பெரும்போகத்து வெள்ளாமையை நம்பித்தான் பாதியில் நின்ற வீட்டுக்குக் கூரை போட இருந்தார். கதிர் பால்பிடிக்கிற நேரம் எங்கள் ஏழாம் இலக்க எருமைக்கிடா உள்ளே இறங்கியது. அது ஒரு மலை. தின்றது கொஞ்சம், புரண்டதுதான் கூட. வயலின் ஒரு மூலைப் பயிர் முழுக்க அதற்குப் பாய் விரித்த மாதிரிப் படுத்துவிட்டது. பிறகு அக்காவின் எருமைக்குப் பின்னால் வால் பிடித்துக்கொண்டு அவருடைய பட்டிக்குள்ளேயே போய்விட்டது. அக்கா ஓடி வந்து கடப்புத் தடியைப் போட்டார். எங்களுக்கு ஆளனுப்பினார்: குறிக்காரர் வரவேணும்.

இங்கேதான் சிக்கல். வழக்கப்படி அக்கா செய்தது சரி. சட்டப்படி காட்டு விலங்கை அடைத்து வைத்தால் மறியல், சிறைதான். தேவராசா ஐயா பொலிசுக்குப் போடவேண்டிய முறைப்பாட்டை எழுதத் தொடங்கினார். அவருக்கு வேறு வழி இருக்கவில்லை. எருமை எங்களுடையது என்று ஒப்புக்கொண்டால் அது வளர்ப்பு மாடு. வளர்ப்பு மாடென்றால் கந்தோருக்குத் தேவையில்லாத பொருள், ஏலத்தில் விற்கவேண்டும். அத்தோடு திட்டமும் சரி. ஒப்புக்கொள்ளாவிட்டால் அக்கா மறியலுக்குப் போவார்.

"ஐயா, போய் ஒருக்கா அக்காவின்ட முகத்தைப் பாத்துட்டு எழுதுங்கோ" என்றேன். எனக்கு மனம் கேட்கவில்லை.

போனோம். பட்டிக்குள் ஏழாம் இலக்கம் கண்ணை மூடி அசை போட்டுக்கொண்டு நின்றது. வைக்கோல் நன்றாக இருந்திருக்கவேண்டும். வட்டவிதானையாரும் ஹனீபா காக்காவும் சாட்சிக்கு வந்திருந்தார்கள். பூமணி அக்கா கடப்படியில் நின்றார். அழவில்லை, திட்டவில்லை. கேட்டது ஒன்றுதான்.

"இந்த மாட்டுக்குச் சொந்தக்காரர் ஆர்?"

"அம்மா, இது காட்டு மிருகம். அடைச்சு வைக்கிறது குற்றம். நீங்கள் இதைத் திறந்து விட்டா..."

"நான் அதைக் கேக்கேல்லை ஐயா. குறி ஆரின்ட?"

"குறி... குறி கந்தோரின்ட."

"அப்ப கந்தோர் நட்டத்தைத் தரட்டும்."

"கந்தோர் தர ஏலாது. அதுக்கு ஒதுக்கீடு இல்லை. ஏனெண்டா இது கந்தோரின்ட மாடு இல்லை."

ஹனீபா காக்கா குறுக்கே வந்தார். "ஐயா, பாத்துப் பேசுங்க. ஒங்கட மாடு இல்லாட்டி ஆர்ட மாட்டுக்குக் குறி வெச்சீங்க? வேறாள்ட மாட்டுக்குக் குறி வெச்சாக் களவு. இரும்பப் புடிச்ச நானும் கள்ளன்."

தேவராசா ஐயாவின் முகம் விழுந்துவிட்டது. பானை மூடி களவு போகும் என்று பயந்து இலக்கம் போட்ட மனிதரைப் பார்த்து, காட்டிலிருந்து மாடு களவெடுத்தவர் என்கிறார்கள். நியாயமாகவும் சொல்கிறார்கள். அவர் வைக்கோற் கும்பியில் இருந்துவிட்டார். கிடா அசை போடுகிற சத்தம் மட்டும் கேட்டது. பிறகு வயலின் அந்த மூலையைப் பார்த்தார், கூரையில்லாமல் நின்ற சுவர்களைப் பார்த்தார்.

"என்ட மாடுதான் அக்கா" என்றார். "கந்தோரை விடுங்கோ. இது என்ட மாடு. நட்டத்தை நான் தாறன்."

சொன்னபடியே செய்தார். அவருடைய மனைவியின் சீதனக் காணியில் விளைந்த நெல்லை மூட்டை மூட்டையாக ஒரு லான்ட் மாஸ்டர் உழவு இயந்திரத்தில் ஏற்றிக்கொண்டு வந்து இறக்கினார். அதற்காக வீட்டில் என்ன வாங்கிக் கட்டிக்கொண்டாரோ தெரியாது, ஒரு மாதம் கந்தோர்க் கன்ரீனில்தான் மூன்று வேளையும் சாப்பிட்டார். பூமணி அக்கா தடியைக் கழற்றினார். ஏழாம் இலக்கம் போக மறுத்தது. நாலு பேர் சேர்ந்து தள்ளித்தான் அதைச் சுதந்திரத்துக்கு அனுப்பினோம். முறைப்பாட்டுக் கடதாசியை ஐயா கிழித்து வாய்க்காலில் போட்டார்.

அந்த நெல்லில்தான் அக்காவின் வீட்டுக்குக் கூரை ஏறியது. கதை இதோடு முடிந்திருந்தால் நன்றாயிருக்கும்.

ஆனால் வருசக் கணக்கெடுப்பு வந்தது. கொழும்பிலிருந்து வந்தவர்கள் கதிரை பார்த்தார்கள், பானை பார்த்தார்கள், மூடி பார்த்தார்கள். பிறகு, "எருமைகளை வரிசையாக நிறுத்துங்கள்" என்றார்கள். நாங்கள் அவர்களைப் புல்தரைக்குக் கூட்டிக்கொண்டு போனோம். தொலைநோக்கியால் ஒவ்வொரு தொடையாகப் பார்த்தார்கள். எல்லா இலக்கங்களும் இருந்தன, ஏழாம் இலக்கத்தைத் தவிர. திரும்பி வரும்போது தேத்தண்ணீர்க் கடையில் விசாரித்தார்கள். கடைக்காரர் நல்ல மனதோடு சொன்னார்: "ஏழோ? அது தேவராசா ஐயாவின்ட கிடா. அவர் தானே வந்து என்ட மாடு எண்டு சொல்லி, நட்டமும் குடுத்தவர். நேர்மையான மனுசன்."

அந்தப் பாராட்டு அவரைக் கொன்றுவிட்டது. அரசாங்கச் சொத்தைத் தன் சொந்தமாக்கிக்கொண்டார் என்று விசாரணை வைத்தார்கள். ஓய்வு பெற அவருக்குச் சில மாதங்களே இருந்தன. குற்றம் என்று தீர்ப்பானால் பென்சன் இல்லை. அவரோ தன் மேசை லாச்சியைத் துடைத்துச் சாமான்களை அடுக்கிக்கொண்டிருந்தார். அந்த அடக்கத்தைப் பார்க்க எனக்கு ஆத்திரமாக வந்தது. மேலதிகாரி என்றால் ஒரு சத்தமாவது போடவேண்டாமா?

விசாரணை அதிகாரி நேரே கிளிவெட்டிக்குப் போகவேண்டும் என்றார். பூமணி அக்காவின் வாக்குமூலம்தான் முக்கியம். நாங்களும் பின்னால் போனோம். அடுத்த பெரும்போகம் அது. பயிர் கரும்பச்சையாக நின்றது. வரம்பில் ஒரு கதிரை போட்டுக்கொண்டு அதிகாரி இருந்தார். ஹனீபா காக்காவும் வட்டவிதானையாரும் வந்தார்கள். அப்போதுதான் நான் பார்த்தேன். பூமணி அக்காவின் முதுகுக்குப் பின்னால், அவருடைய வயலின் நடுவில், ஏழாம் இலக்கம் நின்று பயிரைத் தின்றுகொண்டிருந்தது.

அதிகாரியும் பார்த்தார். "இந்த எருமைதானா, அம்மா?"

அக்கா திரும்பிப் பார்த்தார். அவருடைய கை சேலைத் தலைப்பைப் பிடித்து முறுக்கியது.

"ஓம் ஐயா."

"யாருடையது?"

"ஒருத்தற்றையும் இல்லை. காட்டெருமை."

"குறி இருக்கிறதாமே?"

"சேறு ஐயா. உருண்டுட்டு வந்திருக்குது." குறிகளை எட்டப் பார்த்தே ஆருடைய மாடு என்று சொல்லக்கூடிய பெண் அவர்.

"இந்த உத்தியோகத்தர் தன்னுடைய மாடு என்று சொன்னாராமே?"

"அப்பிடி ஒரு கதை நான் கேக்கேல்லை. நெல்லுத் தந்தவர், ஓம். என்னை அக்கா எண்டு கூப்பிட்டவர், அதால தந்தவர்."

அதிகாரி ஹனீபா காக்காவைப் பார்த்தார். காக்கா வானத்தைப் பார்த்து, "காட்டு மாடுதான், ஸேர்" என்றார். வட்டவிதானையார் தலையை ஆட்டினார். வாழ்நாள் முழுவதும் குறியைப் பற்றி ஒரு பொய் சொல்லாத மூன்று பேர்.

"அம்மா, யோசித்துச் சொல்லுங்கள். காட்டு விலங்கு என்று நீங்கள் கையெழுத்து வைத்தால், இப்போது அது தின்கிறதற்கும் இனித் தின்னப் போகிறதற்கும் நீங்கள் ஒருவரிடமும் ஒன்றும் கேட்க முடியாது. தெரியும்தானே?"

பின்னால் ஏழாம் இலக்கம் முன்னங்காலை மடித்துப் பயிருக்குள் சரிந்து படுத்தது. அந்தச் சத்தம் எங்கள் எல்லாருக்கும் கேட்டது. தேவராசா ஐயா ஒரு அடி முன்னுக்கு வந்தார். அவர் எல்லாவற்றையும் ஒப்புக்கொள்ளப் போகிறார் என்று எனக்குத் தெரிந்தது. அக்கா அவரை ஒரு பார்வை பார்த்தார். அவர் நின்றுவிட்டார்.

"தெரியும் ஐயா" என்று சொல்லி அக்கா கையெழுத்து வைத்தார்.

தேவராசா ஐயாவுக்குப் பென்சன் கிடைத்தது. ஓய்வு பெற்ற முதல் மாதமே என்னைக் கூட்டிக்கொண்டு கிளிவெட்டிக்குப் போனார். லான்ட் மாஸ்டரில் நெல் மூட்டைகள். பூமணி அக்கா வெளியே வந்து மூட்டைகளைப் பார்த்தார். முகம் சிவந்துவிட்டது.

"இதென்ன ஐயா?"

"அக்கா, அந்தக் கிடா அழிச்ச நட்டம்..."

"காட்டு மிருகம் தின்னதுக்கு ஆரும் நட்டம் குடுக்கிறதோ? நல்ல கதை. மூட்டையை இறக்காதேங்கோ. வந்து இருங்கோ, தேத்தண்ணி குடிச்சிட்டுத் திருப்பிக் கொண்டு போங்கோ."